பெயர் ஒட்டிய டப்பா

வெற்றிவேலின் சளியில் காசநோய்க் கிருமி இன்னும் இருக்கிறது என்று எழுதிய தாளைக் கோகிலவாணி நேற்று மாலையிலிருந்து ஆறு முறை படித்துவிட்டாள். ஏழாம் முறை படித்தபோதும் அதில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

வெற்றிவேல் அவளுடைய கணவனின் தம்பி. அவள் கல்வராயன் மலைமேல் உள்ள சுகாதார நிலையத்தில் செவிலி. காசநோயாளிகளைக் கவனிக்கும் பொறுப்பு ஒன்பது ஆண்டுகளாக அவளுடையது. கார்த்திகையில் அவனுக்கு நோய் தெரிந்த நாள் முதலாக, தன் வீட்டு நோயாளிக்குத் தானே காலைதோறும் மாத்திரை கொடுத்து, கண்ணெதிரே விழுங்கச் செய்து, அட்டையில் குறி இட்டு வந்தாள். அறுபது கட்டங்கள்; அறுபது குறிகள். இரண்டு மாதம் முடிந்ததும் சளியை மறுபடி பரிசோதிப்பது முறை. கிருமி போயிருக்க வேண்டும். போகவில்லை.

“மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியாக இருக்கலாம்,” என்று மருத்துவர் ஆண்டாள் நேற்றுக் கூறினார். “அதே சளியைக் கள்ளக்குறிச்சியில், மருந்துக்குக் கட்டுப்படுமா என்று காட்டும் இயந்திரத்தில் போட்டிருக்கிறார்கள். நாளை மறுநாள் முடிவு வரும். அப்படித்தான் என்றால் அவரை உடனே உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். மருந்தும் கடுமையாக இருக்கும்.”

பிறகு, குரலைத் தாழ்த்தி, இன்னொன்றும் கேட்டார்.

“கோகிலவாணி, அவர் விழுங்கியதை நீங்கள் பார்த்துத்தான் குறி போட்டீர்களா?”

இரவெல்லாம் கோகிலவாணியை உறங்கவிடாமல் செய்தது அந்தக் கேள்விதான்.

*

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி. இயந்திரத்தின் முடிவு வரும் வரையில் பழைய மாத்திரைகளே.

“வாயைத் தொற.”

வெற்றிவேல் திறந்தான்.

“நாக்கைத் தூக்கு.”

“முழுங்கிட்டேன் அண்ணி. தொண்டையில கைய வுட்டுத் தேடிப் பாக்கறீங்களா?”

“தேட வேண்டிய நெலமைலதான் என்னை வெச்சிருக்க. ஒம்பது வருசத்துல என்னைப் பாத்து ஒரு டாக்டரு அப்டி ஒரு கேள்வி கேட்டதில்ல.”

“நான் இன்னா பண்ணேன்? நீங்க குடுத்தீங்க, நான் முழுங்கினேன். இருமல் நின்னு ஒரு மாசம் ஆவுது. பசி எடுக்குது. கிருமி இருக்குன்னா அது எங்க இருக்குதுன்னு அதுங்கிட்டயே கேளுங்க.” அவன் தண்ணீர்ச் செம்பை ஓசை எழ வைத்தான். “காசிநாதன் அண்ணன் நேத்தே போன் பண்ணிட்டாரு. மலையில மரவள்ளி லோடு கெடக்குதாம். நீ வர்றியா, இல்ல வேற டிரைவர வெச்சிக்கவான்றாரு. நாளிக்கி சாயங்காலத்துக்குள்ள சொல்லணும். இன்னான்னு சொல்றது?”

கிழங்கு ஏற்றிச் சின்னசேலத்து ஆலைக்கு ஓடும் சிறிய லாரி ஒன்றின் சொந்தக்காரர் காசிநாதன். நான்கு ஆண்டுகளாக அவன் ஓட்டிய வண்டி. நோய் தெரிந்த அன்று சாவியைத் திரும்பக் கொடுத்தவன், பரிசோதனையில் நன்றாக வந்தால் தை முடிந்ததும் வாங்கிக்கொள்ளலாம் என்று நாள்களை எண்ணிக்கொண்டிருந்தான். இப்போது மாசியும் பிறந்துவிட்டது.

பின்புறத்தில் விறகடுப்பின் முன்னால் அமர்ந்திருந்த மாமியார் ஜெயம்மாள் இருமினாள். அவளுடைய மடியில், முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தபடி, கோகிலவாணியின் நான்கு வயது மகள் இசைவாணி பாதி உறக்கத்தில் கிடந்தாள்.

“அத்தை, கேஸ் இருக்குல்ல? அது இன்னா, பொங்கலுக்குப் பொட்டு வெச்சி கும்பிடவா?”

“கேஸுல வெந்நி வெச்சா கேஸு இன்னாத்துக்கு ஆவும்? வெறவு ஈரம். அதான் பொக.”

“பொகையில புள்ளைய வெச்சிக்கினு ஒக்காந்திருக்கீங்களே, அதையாவது பாத்தீங்களா?”

ஜெயம்மாள் பேத்தியை மெல்ல இறக்கிவிட்டு எழுந்து, சாக்கடை ஓரம் சென்று வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தாள். நேற்று மாலை அந்தத் தாள் வந்ததிலிருந்து அவள் நான்கு சொல்லுக்கு மேல் பேசியிருக்கவில்லை. மகனைப் பற்றிய கவலை என்று கோகிலவாணி எண்ணினாள். அதற்கு மேல் எண்ண அவளுக்கு நேரம் இல்லை. ஆறே முக்காலுக்கு மலைப் பேருந்து.

இந்த வீட்டில் எதைச் சொன்னாலும் இரண்டு முறை சொல்ல வேண்டும். கணவன் கலையரசன் சேலத்து லாரிப் பட்டறையில் இருக்கிறான். ஞாயிறன்று வந்து, கறி தின்று, உறங்கிவிட்டுப் போவான். மற்ற ஆறு நாள்களும் சன்னலைத் திறந்து வை, துண்டைத் தனியாகக் காயப்போடு, துப்பும் தொட்டியை மூடு என்று ஒருத்தியே கத்த வேண்டும்.

கத்தியபடியேதான் அவள் பேருந்து ஏறினாள்.

*

சுகாதார நிலையத்தின் வாசலில் குப்பன் நின்றிருந்தார். பேருந்து போகாத சிற்றூரிலிருந்து எட்டுக் கிலோமீட்டர் நடந்து வருபவர். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிறவர். அவருக்கும் இன்று இரண்டு மாதம் முடிந்திருந்தது. கையில் இருந்த சளி டப்பாவில் அவருடைய பெயரும் தேதியும் கோகிலவாணியின் கையெழுத்தில் ஒட்டியிருந்தன. டப்பா வெறுமையாக இருந்தது.

“இன்னாங்க இது?”

“டப்பா, நர்ஸம்மா.”

“டப்பாதான்னு எனக்குத் தெரியும். உள்ள இன்னா இருக்கு?”

“ஒண்ணும் இல்லீங்க.” குப்பன் தலையைச் சொறிந்தார். “கோழி கூவறதுக்கு முன்னாடி எழுந்து இருமினேன். வடக்க பாத்து இருமினேன். தெக்க பாத்து இருமினேன். நாய்ங்க கொலைக்குது, சளி வரல. காத்துதான் வருது.”

“காத்தை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? அடி வயித்துலேர்ந்து இருமணும்னு எத்தினி வாட்டி சொன்னேன்? வெந்நி குடிச்சீங்களா? வெறும் டப்பாவைத் தூக்கிக்கினு எட்டுக் கிலோமீட்டர் வந்திருக்கீங்களே!”

“நீங்க கோச்சிப்பீங்கன்னு பயந்துகினேதாங்க வந்தேன். வராம இருந்தா ஜாஸ்தி கோச்சிப்பீங்களே.”

உள்ளறையிலிருந்து மருத்துவர் ஆண்டாளின் குரல் வந்தது.

“அவரைத் திட்டாதீர்கள், கோகிலவாணி. மருந்து வேலை செய்தால் சளி எங்கிருந்து வரும்? எடை கூடியிருக்கிறதா, காய்ச்சல் நின்றிருக்கிறதா என்று பாருங்கள். சளி வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு முடிவுதான்.”

குப்பன் பல் தெரியச் சிரித்தார். கோகிலவாணி சிரிக்கவில்லை. அவரை எடை பார்த்தாள். நான்கு கிலோ கூடியிருந்தது. அட்டையில் எழுதினாள். தான் கொடுக்கும் அதே மருந்து எட்டுக் கிலோமீட்டர் நடக்கும் மனிதருக்குப் பலித்து, தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விழுங்கியவனுக்குப் பலிக்காமல் போவது எப்படி என்று அவளுக்கு விளங்கவில்லை.

பத்து மணிக்குக் கைப்பேசி ஒலித்தது. கள்ளக்குறிச்சி ஆய்வகத்தில் சளி பார்க்கும் பகலவன்.

“மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. உங்க கொழுந்தனாரு வெத்தலை பாக்கு போடுவாரா?”

“இல்லியே. ஏன்?”

“சாம்பிள் கொஞ்சம் செவப்பா இருந்துச்சு. ரத்தமோன்னு பயந்து நல்லாப் பாத்தேன். ரத்தம் இல்ல, பாக்குத் தூளு. சோதனைக்கு அதால ஒண்ணும் கெடுதல் இல்ல. ஆனா வாய் கொப்புளிக்காமக் குடுத்திருக்காரு. ஊருக்கே கண்டிசன் பேசற மேடம், உங்க வூட்டு டப்பாவே இப்டியான்னுதான் கேட்டேன்.” அவன் சிரித்தான்.

கோகிலவாணியின் காதுமடல்கள் சூடாயின.

பாக்கு! புகையிலை கலந்த பாக்கு, வேறென்ன? லாரி ஓட்டுகிறவர்கள் கன்னத்தில் அடக்கிக்கொள்ளும் பொட்டலம். பீடியை விடச் செய்ததற்குப் பதிலாக இதைப் பிடித்துக்கொண்டான் போலும். தன்னிடம் ஒன்றை மறைத்தவன் மாத்திரையையும் மறைத்திருக்க மாட்டானா? நாக்குக்கு அடியில் பார்த்தாளே, கன்னத்து ஓரம் பார்த்தாளா? மருத்துவரின் கேள்வி மறுபடியும் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது.

அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பதினொன்றரைப் பேருந்தில் மலையிறங்கினாள். கொண்டை ஊசி வளைவுகள் ஒவ்வொன்றிலும் அவனுக்குச் சொல்ல வேண்டிய ஒன்றை மனத்துள் கோத்துக்கொண்டே வந்தாள்.

*

வீட்டில் வெற்றிவேல் பாயில் படுத்துக் கைப்பேசி பார்த்துக்கொண்டிருந்தான். அண்ணியின் முகத்தைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தான்.

“இன்னா அண்ணி, அதுக்குள்ள? முடிவு வந்திடுச்சா?”

“பொட்டலம் எங்க?”

“இன்னா பொட்டலம்?”

“பாக்குப் பொட்டலம். சட்டைய எடு.” எடுக்கும் வரை அவள் காத்திருக்கவில்லை, ஆணியில் தொங்கிய சட்டையின் பைகளைக் கவிழ்த்தாள். ஒரு சீப்பும் பழைய பேருந்துச் சீட்டு இரண்டும் விழுந்தன. “பேன்ட்டு எங்க?”

“அண்ணி, ஊர்ல யாரு இன்னா சொன்னாங்க?”

“ஊரு சொல்லல. உன் சளி சொல்லுது. டப்பாவுல பாக்குத் தூளு கெடக்குதாம். கள்ளக்குறிச்சியில என் மானத்தை அந்தத் தூள்ல கலந்து அனுப்பிச்சிருக்க.”

“என் தலைல அடிச்சி சத்தியம் பண்றேன், நான் பாக்கே போட்டதில்ல!”

“வாயைத் தொற!”

அவன் திறந்தான். அவள் சன்னல் பக்கமாக அவனுடைய தாடையைத் திருப்பிப் பார்த்தாள்.

பற்கள் வெள்ளையாக இருந்தன. ஈறும் கன்னமும் நாக்கும் கறை இல்லாமல் இருந்தன. அறுபது நாள் காலைதோறும் அவள் பார்த்த வாய் இது. இதில் சிவப்பை அவள் ஒருநாளும் கண்டதில்லை. பேருந்தில் அவ்வளவு கோபத்தைக் கோத்தவள் இந்த ஒன்றை மட்டும் எண்ணிப் பார்க்கவில்லை.

இந்த வீட்டில் சிவந்த வாய் ஒன்றுதான் உண்டு.

கோகிலவாணி திரும்பினாள். பின்கட்டு நிலைப்படியில் ஜெயம்மாள் நின்றிருந்தாள். அவளுடைய கை இடுப்பில் செருகியிருந்த சுருக்குப் பையை மூடிக்கொண்டிருந்தது.

“அத்தை.”

“சோறு ஆவட்டும். அப்றம் பேசிக்கலாம்.”

“சோறு அப்றம் ஆவட்டும். டப்பாவுல துப்பினது யாரு?”

ஜெயம்மாள் நிலையைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தாள்.

“நாந்தான்.”

வெற்றிவேல் தாயையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். “இன்னாம்மா சொல்ற? நான் செவுத்து மேல வெச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பாத்தா நீ அதை மூடி, கவருல போட்டு வெச்சிருந்த. நான் தூக்கிக்கினு போயிக் குடுத்தேன்.”

“நீ வெச்சதுல இன்னா இருந்திச்சு? எச்சி. ஒரு மணி நேரம் மூஞ்சி செவக்க செவக்க முக்கின. எச்சியத் தவிர ஒண்ணும் வரல.” அவள் மருமகளைப் பார்த்தாள். “நீதான சொன்ன? எச்சியக் குடுத்தா எடுக்க மாட்டாங்க, டப்பா வெறுசா வந்திச்சுன்னா மொதல்லேர்ந்து ஆறு மாசம் மாத்திரைன்னு எழுதிடுவாங்கன்னு? புள்ளை அன்னிக்கிதான் காசிநாதன்கிட்ட சாவி வாங்கப் போறேன்னு குதிச்சிக்கினு இருந்தான். எனக்குக் கொள்ளை கொள்ளையா வருது. வந்ததைச் சாக்கடையில துப்பறதுக்குப் பதிலா அதுல துப்பினேன்.”

“அவன் டப்பாவுல உங்க சளியைத் துப்பினா...” கோகிலவாணிக்குச் சொற்கள் தடுமாறின. “அது யாரு சளின்னு அவங்களுக்கு எப்படி அத்தை தெரியும்?”

“பேரு அவன் பேருதான ஒட்டியிருந்திச்சு? நீயே எழுதி நீயே ஒட்டின. பேரு யாருதோ அவங்களுக்குத்தான பாப்பாங்க?”

கோகிலவாணி கீழே கிடந்த சீப்பை எடுத்துச் சட்டைப் பையில் போட்டாள்.

முதலில் பேசியவன் வெற்றிவேல். பேச்சன்று அது, சிரிப்பு. “அப்ப... அது என் சளி இல்ல! அண்ணி, அப்ப எனக்கு நல்லாயிடுச்சா? ஆசுபத்திரில படுக்க வேணாமா?” மூலையில் இருந்த எடை இயந்திரத்தைக் காலால் இழுத்து அதன்மேல் ஏறி நின்றான். “பாருங்க, அம்பத்தி ரெண்டு! ஆறு கிலோ ஏறிட்டேன். நான் காலைலியே சொன்னேன்ல? காசிநாதன் அண்ணனுக்கு இப்பவே...”

பாதியில் நிறுத்தினான். சிரிப்பு முகத்தில் அப்படியே நிற்க, தாயின் பக்கம் திரும்பினான்.

“அம்மா?”

“நேத்து சாயங்காலம் அவனுக்கு இன்னும் போவலன்னு நீ படிச்சப்பவே என் சளியாலதானோன்னு எனக்குப் பட்டுச்சு,” என்றாள் ஜெயம்மாள். “சொன்னா நீ கத்துவ. சொல்லலன்னா அவனைப் படுக்க வெச்சிருவாங்க. ராவெல்லாம் அதையேதான் நெனச்சிக்கினு கெடந்தேன். நாளிக்கி முடிவு வர்றதுக்குள்ள சொல்லிடலாம்னுதான்...”

கோகிலவாணி கத்தவில்லை. கத்துவதற்கென்று மலையிலிருந்து கொண்டுவந்தவை எதுவும் இப்போது பொருந்தவில்லை. வெறும் டப்பா வந்தால் முதலிலிருந்து மறுபடி ஆறு மாதம் என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை. அவன் சோம்பலாக இருந்துவிடுவானோ என்று அவளே இட்டுக்கட்டிச் சொன்ன மிரட்டல் அது. வெறும் டப்பாவுடன் எட்டுக் கிலோமீட்டர் நடந்து வந்து உண்மையைச் சொல்லிச் சிரித்த குப்பன் கண்முன் நின்றார். அவரையும் அவள் திட்டத்தான் செய்தாள்.

மருத்துவர் ஆண்டாளுக்கு அழைத்தாள். நடந்ததை ஒன்றும் விடாமல் சொன்னாள். 

“உங்கள் குறிகளெல்லாம் உண்மை என்கிறீர்கள்.”

“உண்மை, டாக்டர். டப்பாதான் பொய்.”

“அப்படியானால் நாளைக்கு இயந்திரம் சொல்லப்போவது வெற்றிவேலைப் பற்றியல்ல, உங்கள் மாமியாரைப் பற்றி. நாளைக் காலையில் இருவரையும் அழைத்து வாருங்கள். அம்மாவின் சளியை அவர் பெயரிலேயே மறுபடி எடுக்க வேண்டும். வீட்டில் வேறு யார் யார் இருக்கிறீர்கள்?”

கோகிலவாணி சொன்னாள். சொல்லும்போதே குரல் தாழ்ந்தது.

*

பையிலிருந்து புதிய டப்பா ஒன்றை எடுத்துத் தாள் ஒட்டினாள். ஜெயம்மாள் என்று எழுதினாள். அதன் கீழே எழுத வேண்டியதை எழுதாமல் பேனா நின்றது.

“வயசு எவ்ளோ அத்தை?”

“எனக்கு இன்னா தெரியும்? நீயே பாத்துப் போட்டுக்க.”

எட்டு ஆண்டுகளாக ஒரே வீட்டில் இருக்கிறாள். மலைமேல் உள்ள நாற்பது நோயாளிகளின் வயதையும் அட்டையைப் பாராமல் சொல்வாள்.

“இருமல் எப்பத்திலேருந்து?”

“ஆடியில அம்மனுக்குக் கூழு ஊத்தினோம்ல, அப்பத்திலேருந்து. பாக்கு ஒத்துக்கலன்னு நெனச்சேன். அப்றம் வெறவுன்னு நெனச்சேன்.”

வெற்றிவேலுக்கு இருமல் தொடங்கியது ஐப்பசியில். கோகிலவாணி விரல்களை மடக்கி எண்ணினாள், எண்ணியதைச் சொல்லவில்லை. வெற்றிவேலும் எண்ணியிருக்க வேண்டும். தாயின் அருகே சென்று உட்கார்ந்தான்.

“தள்ளி ஒக்காருடா,” என்றாள் ஜெயம்மாள்.

“இப்ப இன்னா தள்ளி? எனக்குத்தான் மாத்திரை போவுதே.”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கினு எழுந்து வெளிக்காத்துக்கு வாங்க,” என்றாள் கோகிலவாணி. “அத்தை, இதுல ஏறுங்க. எடை எவ்ளோன்னு எழுதணும்.”

ஜெயம்மாள் ஏறினாள். ஊசி முப்பத்தெட்டில் நின்றது.

வாசலில் மண் சோறு ஆக்கிக்கொண்டிருந்த இசைவாணி, எல்லாரும் இயந்திரத்தைச் சுற்றி நிற்பதைக் கண்டு ஓடி வந்தாள். “நானு! நானு! சித்தப்பா ஏறிச்சு, ஆயா ஏறிச்சு, நான் ஏறல!”

கோகிலவாணி அலமாரியில் இருந்த அங்கன்வாடி அட்டையை எடுத்து விரித்தாள். கடைசியாக எழுதியிருந்தது ஆவணி மாதத்தில்: பதின்மூன்றரைக் கிலோ. அதற்குப் பிறகு கட்டங்கள் வெறுமையாக இருந்தன. எடை பார்க்கக் குழந்தையை அனுப்பச் சொல்லி அங்கன்வாடியிலிருந்து இரண்டு முறை ஆள் வந்ததும், நானே செவிலிதானே, பார்த்துக்கொள்கிறேன் என்று அவள் விடை கொடுத்து அனுப்பியதும் நினைவுக்கு வந்தன.

ஆடியிலிருந்து நாள்தோறும் இந்தக் குழந்தை உறங்கியது எந்த மடியில் என்பதும் நினைவுக்கு வந்தது.

“ஏறு.”

இசைவாணி இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, வணக்கம் சொல்கிறவளைப் போல் நிமிர்ந்து நின்றாள். ஊசி நடுங்கிப் பன்னிரண்டைத் தாண்டியது, பன்னிரண்டரையில் நின்றது.

“எவ்ளோ ம்மா? எவ்ளோ?”

கோகிலவாணி அட்டையைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், மறுபடி அட்டையைப் பார்த்தாள்.

வெற்றிவேல் அவளுடைய தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தான்.

“மிசினு கம்மியாக் காட்டுது அண்ணி,” என்றான்.

சற்று முன்னர் அவனுக்கு அதே இயந்திரம் சரியாகத்தான் காட்டியது.